உங்கள் வீட்டு உப்பு பாக்கெட் எத்தனை நாள் வருகிறது? – வருமுன் காப்பது பற்றிக் கேள்வி பதில்

22 வருடம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவராக இருந்தேன். நோய் முற்றிய பிறகு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, "ஐந்து வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா" என்று மனதுக்குள் தவித்த நாட்கள் அதிகம். அதனால்தான் வருமுன் காப்பது பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

கம்பெனியில் வருடா வருடம் 60 டெஸ்ட் அடங்கிய ஃபுல் பாடி செக்கப் எடுக்கிறார்கள். எனக்கு 34 வயது. இது போதும்தானே டாக்டர்? (சென்னை)

போன வருட ரிப்போர்ட்டில் உங்கள் பிரஷர் எவ்வளவு என்று பார்க்காமல் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் அந்த 60 டெஸ்டால் பெரிய பயன் இல்லை. உங்கள் வயதில் பிரஷர், இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, இந்த நான்கும் தெரிந்தால் பெரும்பகுதி தெரிந்துவிடும். இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. அதை அளக்க தையல் டேப் போதும். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குப் புற்றுநோய் மார்க்கர் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தால், ஒன்றுமில்லாத எண்ணுக்காக ஸ்கேன், பயம், அலைச்சல் என்று இழுத்துக்கொண்டு போகும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

வெறும் வயிற்றில் சுகர் 112. "பார்டர்தான், வந்தால் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். 41 வயது. (மதுரை)

"வந்தால் பார்த்துக்கலாம்" என்ற பேச்சுக்குத்தான் எனக்குக் கோபம் வரும். வராமல் பார்த்துக்கொள்ள உங்களுக்குக் கிடைத்திருக்கும் நேரம் இது. 126-க்கு வந்தால்தான் சர்க்கரை நோய் என்போம். 100 முதல் 125 வரை அதற்கு முந்தைய படி.

இதற்குச் சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடை, சாப்பாடு இரண்டையும் மாற்றச் சொல்லித் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் அது 39 சதவீதம்தான். எல்லாரும் தப்பவில்லை, உண்மை. ஆனால் 100 பேரில் 16 பேர் தப்பினார்கள் என்பது சின்ன விஷயமா? யாரும் பட்டினி கிடக்கவில்லை. தினம் அரை மணி நேர நடை, இனிப்பையும் எண்ணெயையும் குறைத்தது, அவ்வளவுதான். நீங்கள் சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையோ சுண்டலோ வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். அந்தத் தேதியை இன்றைக்கே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அப்பாவுக்கு 58 வயது, பிரஷர் 160/100. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று மாத்திரை போட மறுக்கிறார். (திருவாரூர் பக்கம் ஒரு கிராமம்)

இந்தக் கேள்வியைப் படித்ததும் ஒரு லாரி ஓட்டுநர் ஞாபகம் வந்தார். 47 வயது. கால் புண்ணுக்குக் கட்டுப்போட வந்தவருக்கு நர்ஸ் பிரஷர் பார்த்தார், 170/110. மாத்திரை கொடுத்தேன். ஒரு மாதம் போட்டார். தலைவலி, மயக்கம் எதுவும் இல்லாததால் தானாகவே நிறுத்திவிட்டார். எட்டு மாதம் கழித்து வலது கையும் காலும் வராமல், பேச்சு குழறித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் மனைவி என்னிடம், "வலிச்சிருந்தா போட்டிருப்பாரு டாக்டர்" என்றார்.

பிரஷர் வலிக்காது. வலிக்காமலே மூளை, இதயம், சிறுநீரகம் மூன்றின் ரத்தக் குழாய்களையும் அரிக்கும். அப்பாவிடம் நோய் என்று பேசாதீர்கள். "வயலுக்குத் தண்ணீர் போகிற குழாயில் அழுத்தம் கூடிக்கொண்டே போனால் என்ன ஆகும்" என்று கேளுங்கள், அவருக்கே தெரியும். மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ மருத்துவர் சொல்லித்தான். அப்புறம், 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தெரியும்தானே? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. உங்கள் ஊர் தன்னார்வலர் அம்மாவிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்ப்பார். பிள்ளைகள் சொன்னால் கேட்காத அப்பாக்கள், பக்கத்துத் தெரு அம்மா சொன்னால் கேட்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் நிற்கிறேன். அதுவே உடற்பயிற்சிதானே அக்கா? (கோவை)

இல்லை தங்கச்சி. நிற்பது வேறு, நடப்பது வேறு. நின்றுகொண்டே இருந்தால் கால் நரம்பு சுருட்டிக்கொள்ளும். உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது, உரிமையோடு கேளுங்கள். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை போதும். பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடப்பதில் பாதி கணக்கு முடியும்.

நாம் நோயாளி ஆனால்தானே மருத்துவமனைக்கு வருமானம்? அப்புறம் எப்படி இதெல்லாம் மாறும்? (ஈரோடு)

நியாயமான கேள்வி. காப்பீடுகூடப் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருகிறது. அதனால் மாற்றம் மருத்துவமனைக்கு வெளியேதான் தொடங்கும். பின்லாந்தில் வடக்கு கரேலியா என்ற பகுதி. நடுவயது ஆண்கள் மாரடைப்பில் கொத்துக் கொத்தாக இறந்துகொண்டிருந்தார்கள். 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் பொறுப்பேற்றார். ஆஸ்பத்திரி கட்டவில்லை. பெண்கள் சங்கங்களோடு சேர்ந்து சமையலை மாற்றினார்கள், வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் வந்தது, உப்பைக் குறைத்தார்கள். அடுத்த 35 வருடத்தில், வேலை செய்யும் வயது ஆண்களின் இதய நோய்ச் சாவு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நம் ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.

உப்பைக் குறை என்கிறீர்கள். எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று எப்படித் தெரியும்? (நாகர்கோவில்)

பாக்கெட் வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ ஒரே மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் இந்தக் கணக்கில் வராது, அது தனி.

எனக்கு 38, மகளுக்கு 12. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு என்ன செய்யலாம்? (வேலூர்)

மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது. உங்களுக்குப் பரிசோதனை. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள், சில நிமிட வேலை, வலி அதிகம் இருக்காது. கூச்சமாக இருந்தால் பெண் செவிலியர்தான் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். இந்த மாதமே போய் வாருங்கள்.

வீட்டு பிரஷர் மெஷினில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வருகிறது. எதை நம்புவது? (தஞ்சாவூர்)

மாறுவது இயல்பு. காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல், சாய்ந்து, பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜையில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். காலை, மாலை என ஒரு வாரம் நோட்டில் எழுதி, அந்த நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். மெஷினையும் கொண்டுபோனால் அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.