மணிலா விலையும் ஆனந்தரங்கப் பிள்ளையும்

வணக்கம் ஐயா,

ஆறு வருடமாக ஒரு வலைப்பூ எழுதுகிறேன். படித்த புத்தகங்கள், பார்த்த படங்கள், வாழ்க்கையில் முன்னேறுவது பற்றிய சிந்தனைகள் என்று கலந்து எழுதுவேன். ஆரம்பத்தில் நிறையப் பேர் வந்தார்கள். இப்போது ஒரு பதிவுக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். கூட எழுதிய நண்பர்கள் வீடியோவுக்குப் போய்விட்டார்கள். எனக்கு எழுத்துதான் பிடிக்கும். ஆனால் எழுத விஷயம் கிடைப்பதில்லை. ஒரே மாதிரி எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் வேலை. பகலெல்லாம் நெல், மணிலா (நிலக்கடலை), உளுந்து மூட்டைகளுக்கு நடுவே போய்விடுகிறது. இரவில் உட்கார்ந்தால் மண்டை காலியாக இருக்கிறது. இன்னும் பத்து, இருபது வருடம் தொடர்ந்து எழுதவும், எழுத எழுத மேம்படவும் என்ன செய்ய வேண்டும்? தினமும் எழுத வேண்டுமா? எவ்வளவு நீளம்? கூகுள் தேடலில் வருகிற மாதிரி தலைப்பு வைக்க வேண்டுமா?

க.,
விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்விகளில் பலவற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். தினமும் எழுத முடிந்தால் எழுதுங்கள். வாரம் ஒன்று எழுதினாலும் குறைவில்லை. நீளம், விஷயம் எவ்வளவோ அவ்வளவு. கூகுளுக்காகத் தலைப்பு வைக்காதீர்கள். அந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அவற்றைத் துரத்துகிற நேரத்தில் ஒரு நல்ல பத்தி எழுதிவிடலாம். வீடியோவுக்குப் போனவர்கள் போகட்டும். உங்களுக்கு எழுத்து பிடித்திருக்கிறது, பேச்சு அதோடு முடிந்தது. அப்புறம் அந்த முப்பது பேர். உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு சாயங்காலம் முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து நீங்கள் எழுதியதைப் படித்தால் உங்களுக்குக் கை நடுங்கும். அந்த முப்பது பேரை இனிமேல் குறைத்துப் பேசாதீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். எழுத விஷயம் கிடைப்பதில்லை என்கிறீர்கள். அடுத்த மூன்றாவது வரியில், பகலெல்லாம் மூட்டைகளுக்கு நடுவே போய்விடுகிறது என்கிறீர்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

உங்கள் தளத்தில் பின்னோக்கிப் போய்ப் படித்துப் பார்த்தேன். வெற்றிக்கு வழி, நேரத்தை நிர்வகிப்பது, தோல்வியில் துவளாதே. இதையெல்லாம் எழுத நீங்கள் எதற்கு? யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள், எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு சினிமா விமர்சனத்தின் நடுவில் நான்கு வரி கண்ணில் பட்டது. அந்தப் படத்தில் வந்த மழையைப் பார்த்ததும் உங்கள் கூடத்தில் திடீரென்று மழை பிடித்த நாள் ஞாபகம் வந்ததாகவும், திறந்தவெளியில் கிடந்த நெல் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் பற்றவில்லை, கடைசி இரண்டு மூட்டைகளின் மேல் ஒரு பெரியவர் ஏறிப் படுத்துக்கொண்டார் என்றும் எழுதியிருந்தீர்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் என்ன ஆனது? அந்த நெல்லுக்கு என்ன விலை போட்டார்கள்? அவர் விற்றாரா, திருப்பி எடுத்துப் போனாரா? நீங்களோ அடுத்த வரியில் ஒளிப்பதிவைப் பாராட்டப் போய்விட்டீர்கள்.

இந்தச் சில வாரங்களாக, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் 18-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை மறுபடி எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்கும் அதுதான் காரணம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். பெரிய மார்க்கெட் பக்கம் அவர் பெயரில் ரங்கப்பிள்ளை வீதி இருக்கிறது, அவர் வாழ்ந்த வீடும் இன்னும் நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.

1736 செப்டம்பர் 6-ம் தேதி அவர் எழுத ஆரம்பித்தபோது வயது 27. 1761 ஜனவரியில், ஆங்கிலேயர் முற்றுகையில் நகரம் விழுவதற்குச் சில நாள் முன்னால் இறந்துபோனார். கிட்டத்தட்ட 25 வருடம். நமக்குக் கிடைத்ததில் இடைவெளிகள் உண்டுதான், ஆனாலும் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னை அரசு 1904 தொடங்கி 1928 வரை 12 தொகுதிகளாகப் போட வேண்டியிருந்தது. அவரை ‘இந்தியாவின் பெப்பிஸ்’ என்று சொல்லுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் எழுதியது 1660 முதல் 1669 வரை. கண் பார்வை போய்விடும் என்று பயந்து நிறுத்திவிட்டார். நம் ஆள் அதைப் போல இரண்டரை மடங்கு காலம் எழுதியிருக்கிறார். ஒப்பிட வேண்டும் என்றால் பெப்பிஸை இவரோடு ஒப்பிடட்டும்.

எப்படி முடிந்தது என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்ட கேள்வியும் அதுதானே. அவருக்கு உற்சாகப்படுத்த வாசகர் இல்லை. அந்தக் குறிப்புகள் வெளியே தெரிய வந்தது 1846-ல், அவர் இறந்து 85 வருடம் கழித்து. எழுத்தில் பெரிய ஆள் ஆக வேண்டும் என்ற எண்ணமும் அந்தப் பக்கங்களில் தெரியவில்லை. அவர் எழுத விஷயம் தேடிப் போகவில்லை, அவ்வளவுதான். வியாபாரி. 1747-லிருந்து பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும். காலையில் கவர்னரைப் பார்க்கப் போவார். கப்பல் வந்த சேதி வரும். துணி வியாபாரிகள் வருவார்கள். நவாபிடமிருந்து கடிதம் வரும். இருக்கிற இடத்துக்கே எல்லாம் வந்து சேரும். தமிழ் வருடம், மாதம், கிழமையோடு ஆங்கிலத் தேதியும் போட்டு எழுதுவார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, துணிக்கு என்ன பேரம் நடந்தது, யாருக்கு என்ன வெகுமதி போனது, கவர்னரின் மனைவி தனக்கு எதிராக என்ன செய்தார்.

1746-ல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்த பிறகு அவருக்கும் டூப்ளேவுக்கும் சண்டை வந்தது. வரலாற்றுப் புத்தகத்தில் அதை அரைப் பக்கத்தில் படித்து முடித்துவிடலாம். பிள்ளையின் குறிப்பில் அது நாள் நாளாக வளரும். இன்றைக்கு ஒரு வதந்தி, நாளைக்கு ஒரு கடிதம், அதற்கு மறுநாள் கவர்னரின் முகம் எப்படி இருந்தது. எழுதுகிறவருக்கு முடிவு தெரியாது. தெரியாமலே அன்றைக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறார். 1748-ல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோதும் அப்படித்தான். அந்த நாட்களில் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததை அன்றைய வேதனையோடு அவர் எழுதிவைத்ததால்தான் அது நமக்கு இவ்வளவு நெருக்கத்தில் தெரிகிறது.

இன்னொன்று. பிள்ளை போன பிறகு அதே புதுச்சேரியில் இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை நாட்குறிப்பு எழுதினார். அவர் நயினார், அதாவது நகரத்தின் காவல் பொறுப்பு அவரிடம். அதனால் அவர் குறிப்பில் தெருவில் நடந்த தகராறும் சாதி வழக்கும் தண்டனையும் வருகின்றன. துபாஷ் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்த ஊர் ஒன்று, நயினார் நின்ற இடத்திலிருந்து தெரிந்த ஊர் இன்னொன்று. இரண்டு பேரும் தங்கள் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வாழ்க்கைத் தத்துவம் எழுதியிருந்தால் அந்த இரண்டு ஊரும் நமக்குப் போயிருக்கும்.

மொழியையும் பாருங்கள். பிள்ளையின் தமிழ் அன்றைய பேச்சுத் தமிழ். பிரெஞ்சு, போர்த்துகீசியம், பாரசீகச் சொற்கள் கலந்தது. வேலையில் எந்தச் சொல் புழங்கியதோ அதையே எழுதினார். நீங்கள் வரத்து, லாட், ஈரம் பார்ப்பது, மல்லாட்டை என்று நாள் முழுக்கப் பேசிவிட்டு ராத்திரி வந்து ‘வாழ்வெனும் பயணத்தில்’ என்று ஆரம்பிக்கிறீர்கள். யார் உங்களை அப்படி எழுதச் சொன்னது?

என் பெரியப்பா கர்ணமாக, அதாவது கிராமக் கணக்கராக, இருந்தவர். 1980-ல் அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தபோது அவருக்கும் வேலை போனது. வருடக்கணக்கில் அடங்கல் என்கிற சாகுபடிக் கணக்கு எழுதிய கை, சும்மா இருக்குமா? உரக்கடையில் கொடுக்கிற டைரியை வாங்கி வந்து எழுத ஆரம்பித்தார். மழை பெய்ததா, சந்தையில் மிளகாய் என்ன விலை, யார் வீட்டு மாடு கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு. கோடை விடுமுறைக்கு நாங்கள் போனால் கிணற்றைப் பார்த்துவிட்டு வருகிற வேலை எனக்கு. “தண்ணி நிறைய இருக்கு பெரியப்பா” என்பேன். “எத்தன படி தெரியுது?” என்பார். நான் எண்ணியிருக்க மாட்டேன். திரும்ப அனுப்புவார். வெயிலில் செருப்பில்லாமல் வரப்பு ஓரமாக ஓடிப் போய் எண்ணிக்கொண்டு வந்து சொன்னால்தான் பேனாவைத் திறப்பார். அடுத்த சில நாளில் ஒரு படி கூடத் தெரியும். அப்புறம் இன்னொன்று. விடுமுறை பாதி ஆவதற்குள் அவர் சொல்லாமலே நான் போக ஆரம்பித்துவிட்டேன். தண்ணீருக்குள் ஒரு படியின் விளிம்பு உடைந்திருப்பது மங்கலாகத் தெரிந்தது. அது என்றைக்கு வெளியே வரும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. வேறு எந்தக் கிணற்றைப் பற்றியும் எனக்கு அப்படி ஒரு பரபரப்பு இருந்ததில்லை. எண்ண ஆரம்பித்ததால் வந்தது அது.

பெரியப்பாவின் டைரிகளில் சில என்னிடம் இருக்கின்றன. ஒரு வரி அலங்காரம் கிடையாது. படிக்க ஆரம்பித்தால் வைக்க முடிவதில்லை.

சலிப்பு என்கிறீர்களே, தம்பி, அது எழுதி எழுதி வந்த சலிப்பு இல்லை. பார்க்காமல் எழுதுவதால் வருகிறது. ஒருவன் மேம்படுவதும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். போன மாதம் எண்ணாததை இந்த மாதம் எண்ணுவான். போன வருடம் கேட்காத கேள்வியை இந்த வருடம் கேட்பான். நடை அதன் பின்னாலேயே வந்துவிடும்.

‘மணிலா விலையை யார் படிப்பார்கள்’ என்று கேட்கப் போகிறீர்கள், தெரியும். விலைப் பட்டியலைப் போடச் சொல்லவில்லை, அது செய்தித்தாளிலேயே வருகிறது. மூட்டையை இறக்கி லாட்டாக, அதாவது ஏலத்துக்கான தனித் தொகுதியாக, வைத்த பிறகு, வியாபாரிகள் விலை குறித்து மறைமுக ஏலம் முடிகிற வரை அந்த விவசாயி எங்கே உட்காருகிறார், யாரோடு பேசுகிறார்? விலை கட்டுப்படியாகாவிட்டால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் திரும்ப ஏற்றிப் போக வண்டி வாடகை கையில் இருக்கிறதா? கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம் என்று நீங்கள் சொல்லும்போது அவர் முகம் என்ன ஆகிறது? கடன் வாங்கி, விலை ஏறும் என்று காத்திருந்தவர்களுக்கு உண்மையில் விலை ஏறியதா? 2016-ல் மத்திய அரசு இ-நாம் என்கிற இணையவழி வேளாண் சந்தையைக் கொண்டுவந்தது. உங்கள் கூடத்துக்கு அது வந்தபோது பழைய முறையில் பழகிய வியாபாரிகள் என்ன சொன்னார்கள்? மூட்டை தூக்குகிறவர்களின் கூலி எப்படிக் கணக்கு? இதில் ஒவ்வொன்றும் ஒரு பதிவு. சிலது பத்துப் பதிவு. ஒரு வருடம் கழித்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் பதில் வேறாக இருக்கும், அது இன்னொரு பதிவு.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். பிள்ளை தனக்காக எழுதினார், எல்லாவற்றையும் எழுத முடிந்தது. நீங்கள் பொதுவில் எழுதுகிறீர்கள், வேலையில் இருக்கிறீர்கள். அதனால் ஒரு நோட்டு வையுங்கள், அதில் எல்லாம் போகட்டும், பெயர், தொகை, கோபம் எல்லாம். தளத்துக்கு அதிலிருந்து எடுத்து எழுதுங்கள். கடன் வாங்கியவர் பெயரோ ஊரோ வரக்கூடாது. வியாபாரியின் பெயர் வேண்டாம். அலுவலகக் கோப்பில் பார்த்ததை அங்கேயே விட்டுவிடுங்கள். அறிவிப்புப் பலகையில் போட்டதும் முற்றத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்ததும் உங்களுக்கு ஏராளம். உடனே போட்டால் யாருக்காவது சங்கடம் என்றால் ஆறு மாதம் கிடக்கட்டும். இந்த நிதானம் இல்லாதவர்கள் பத்து வருடம் எழுத முடியாது, நடுவிலேயே ஏதாவது வம்பு வந்து நின்றுவிடும்.

அப்படியே எழுதியதற்கெல்லாம் உங்கள் கையில் ஒரு பிரதி இருக்கட்டும். இலவச வலைத்தளங்கள் நடத்திய ஜியோசிட்டீஸை 2009-ல் மூடினார்கள், வலைப்பூக்களைத் திரட்டிப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-ல் போனது. இலவசமாக இடம் கொடுக்கிறவர்கள் என்றைக்கு வேண்டுமானாலும் கடையைக் கட்டலாம்.

சரி, இப்போது வேலை. முதலில் அந்த மழை நாளைப் பற்றித் தனியாக எழுதுங்கள். உங்களுக்கு மறந்திருந்தால் கூட வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள், சுமை தூக்குகிறவர்களுக்குக் கட்டாயம் ஞாபகம் இருக்கும். அதை முடித்துவிட்டு ஒரு ஏல நாளை, முதல் வண்டி உள்ளே வருவதிலிருந்து கடைசி மூட்டை எடை போடுகிற வரை, விடாமல் எழுதுங்கள். ஒரே லாட்டுக்கு இரண்டு வியாபாரிகள் ஒரே விலை குறித்திருந்தால் யாருக்குப் போகிறது, அதில் தகராறு வருமா என்பதும் அதில் இருக்க வேண்டும். இரண்டையும் எழுதியதும் இணைப்பை அனுப்புங்கள். சினிமா விமர்சனம் அனுப்ப வேண்டாம்.