14 கோர் பழைய ஸியானா, 6 கோர் புது ஐ5-ஆ? கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு எதை வாங்கலாம்?

கேள்வி இதுதான்: வியாசர்பாடியில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பிக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். ஏறக்குறைய ஒரே பட்ஜெட்டில் இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, சர்வரிலிருந்து கழற்றிய இன்டெல் ஸியான் இ5-2680 வி4. 14 கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), 28 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசைகள்). இன்னொன்று, புது ஐ5-12400; 6 கோர், 12 த்ரெட். எண்ணிக்கையைப் பார்த்தால் ஸியான்தானே பெரியது?

உங்கள் தம்பியின் வேலைக்கு ஐ5 வாங்குங்கள். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் அசெம்பிள், சர்வீஸ் செய்கிறேன். இந்த இரண்டு வகையும் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஸியான் மட்டமான சரக்கு இல்லை. சரியான வேலைக்குப் போட்டால் இன்றைக்கும் நன்றாக உழைக்கும். ஆனால் எடிட்டிங் அந்த வேலை இல்லை.

முதலில் கோர் கணக்கைப் பார்த்துவிடலாம். அந்த ஸியான் 2016-இல் வந்தது, ப்ராட்வெல் தலைமுறை. அதன் கிளாக் (உள்ளே ஓடும் துடிப்பின் வேகம்) டர்போவில், அதாவது முடுக்கிய நிலையில், அதிகபட்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ். 2022 தொடக்கத்தில் வந்த ஐ5-12400 4.4 வரை போகும். கிளாக்கிலேயே மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதோடு, ஒரு கிளாக்கில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதும் நடுவில் ஏறியிருக்கிறது. 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர் வந்தபோது முந்தையதைவிட 19 சதவீதம் வரை கூடுதல் என்றது இன்டெல். இந்த ஐ5 சேர்ந்த 12ஆம் தலைமுறைக்கு அதற்கு மேல் சராசரியாக இன்னொரு 19 என்றது. எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால் ஐ5-இன் ஒரு கோர், ஸியானின் ஒரு கோரைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேலை செய்யும். அப்படியென்றால் 6 புது கோர் சுமார் 12 பழைய கோருக்குச் சமம். ஸியானுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் 14 கோரும் ஒரே நேரத்தில் முழுசாக ஓடினால்தான் கைக்கு வரும்.

எடிட்டிங்கில் அப்படி ஓடும் நேரம் குறைவு. யாரிடமாவது ஸியான் மெஷின் இருந்தால் நீங்களே பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரில் சிபியு வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, ஒவ்வொரு த்ரெட்டையும் தனியாகக் காட்டும்படி மாற்றுங்கள். 28 சின்னக் கட்டங்கள் வரும். இப்போது டைம்லைனில் கிளிப்பை முன்னும் பின்னும் இழுங்கள், ஒரு டைட்டில் சேருங்கள், புராஜெக்ட்டை மூடித் திறங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று கட்டங்கள் உச்சிக்கு ஏறும், மற்றவை தரையோடு கிடக்கும். தம்பி மவுஸைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது அந்த இரண்டு மூன்று கோர் வேலையை முடிப்பதற்காகத்தான். மீதிக் கோர்கள் அவருக்கு அந்த நேரத்தில் எந்த உதவியும் செய்வதில்லை.

அடுத்தது இதைவிட முக்கியம், ஆனால் கடையில் யாரும் சொல்வதில்லை. இப்போது கல்யாணத்துக்கு வரும் கேமராக்களில் பல, எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையில் 10 பிட், 4:2:2 என்று, அதாவது நிற விவரத்தைக் கூடுதலாக வைத்து, பதிவு செய்கின்றன. நிறம் நன்றாக நிற்கும், ஆனால் பிரித்துக் காட்டுவது ப்ராசசருக்குப் பெரிய பாரம். 11ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸ் இந்த வகையை ஹார்டுவேரிலேயே பிரித்துவிடும். எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியர் புரோவும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். இந்த ஸியானில் உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது. தனியாக என்விடியா கார்டு போட்டாலும், ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகள் 4:2:2-ஐப் பிரிக்காது. எச்.265-க்கு ஆதரவு என்று கார்டு பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்கிவிட்டு, பிளேபேக் தடுக்குகிறது என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அந்தக் காசில் வேறு வழி இருந்தது. இன்னொன்று, ஐ5-12400எஃப் என்று கடைசியில் எஃப் ஒட்டிக்கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை.

சர்வர் ப்ராசசரில் ரேமுக்கு நான்கு சேனல் (டேட்டா போகும் பாதை), அதனால் வேகம் அதிகம் என்பார்கள். ஸியானின் டிடிஆர்4-2400 வகை ரேம் நான்கு சேனலில் நொடிக்கு 76.8 ஜிபி. டிடிஆர்5-4800 இரண்டு சேனலிலும் அதே 76.8 தான். ஐ5-க்கு டிடிஆர்5 போர்டு எடுத்தால் இந்தப் பேச்சு முடிந்தது.

கரண்ட் விஷயம் நம் வீடுகளில் சின்ன விஷயம் இல்லை.  சும்மா இருக்கும்போதும் லேசான வேலையிலும்கூடப் பழைய சர்வர் செட்டும் கூடுதல் கார்டும் சேர்ந்து அதிகம் இழுக்கும். 60 வாட் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டு, தினமும் பத்து மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாத ரீடிங்கில் 36 யூனிட் கூடும். ஏற்கெனவே ஏசி ஓடும் வீடு என்றால் அந்த 36 யூனிட் உங்களை 500-க்கு மேலே தள்ளிவிடலாம். 500 தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு.

விண்டோஸையும் யோசியுங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் அங்கீகரித்த ப்ராசசர் பட்டியலில் இ5 வி4 இல்லை. குறுக்கு வழியில் ஏற்றுகிறார்கள்தான். ஆனால் முகூர்த்த மாதத்தில் ஆல்பமும் வீடியோவும் டெலிவரி கொடுக்க வேண்டிய மெஷினில் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

சரி, ஸியான் யாருக்கு? ராத்திரி முழுக்க 3டி ரெண்டர் ஓட்டுபவர்களுக்கு, ஒரே மெஷினில் ஏழெட்டு வர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் கம்ப்யூட்டர்) ஏற்றி நெட்வொர்க்கிங் படிக்கும் பிள்ளைகளுக்கு. அந்த வேலையில் 14 கோரும் உண்மையாகவே உழைக்கும். சர்வரிலிருந்து வரும் ரெஜிஸ்டர்டு ரேமும் மலிவாகக் கிடைக்கும், 64 ஜிபி போடுவது சுலபம். அந்த ரேம் சாதாரண ஐ5 போர்டில் வேலை செய்யாது, அதையும் நினைவில் வையுங்கள்.

அப்படி யாராவது வாங்குவதாக இருந்தால் ப்ராசசரைவிட மதர்போர்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். இந்த ஸியானுக்குப் பொருந்தும் எக்ஸ்99 சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) என்று அச்சடித்து வரும் மலிவு போர்டுகள் பலவற்றில் உள்ளே இருப்பது வேறு ஏதோ பழைய போர்டிலிருந்து கழற்றிய சிப்செட். செகண்ட் ஹேண்ட் போர்டு என்றால் செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து சாக்கெட் பின் வரிசையைப் பாருங்கள். எல்லாப் பின்னும் ஒரே பக்கம் ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஒன்று மட்டும் வேறு திசையில் மின்னினால் அது வளைந்த பின். அப்புறம் ரேம் ஸ்லாட், ஸ்க்ரூ ஓட்டை ஓரம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடல் காற்றில் கிடந்த போர்டு என்றால் அங்கே பச்சையாகப் பூத்திருக்கும். அதை எடுக்காதீர்கள்.

தம்பி எந்த மாடல் கேமராவில் எடுக்கிறார், எந்த ஃபார்மட்டில் பதிவு செய்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள். அதைப் பார்த்து போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எல்லாம் சேர்த்துப் பட்டியல் போட்டுத் தருகிறேன்.