மின்சாரம் நின்றாலும் மறக்காத நினைவகம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மின்தடை வந்தால் சேமிக்காத வேலையெல்லாம் அழிந்துவிடுகிறது. ரேமையே அழியாத வகையில் செய்ய முடியாதா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: செய்ய முடியும், ஆனால் இன்று நீங்கள் ரேமுக்குக் கொடுக்கும் விலையில், அதே கொள்ளளவில் முடியாது. உங்கள் கணினியில் ரேமாக இருக்கும் டிராம் என்ற வகை நினைவகம், ஒவ்வொரு பிட்டையும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக வைத்திருக்கிறது; அது கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லி வினாடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் படித்து மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது. பென் டிரைவிலும் எஸ்எஸ்டியிலும் உள்ள ஃபிளாஷ் நினைவகம் மின்னூட்டத்தை மின்காப்புப் படலங்களுக்கு நடுவே அடைத்து வைப்பதால் மறப்பதில்லை. ஆனால் எழுதவும் அழிக்கவும் அதற்கு நேரம் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் அந்தப் படலம் சிறிது நலிந்தும் போகும். புதிய நினைவகங்கள் வேறு வழியில் செல்கின்றன: எம்ரேம், காந்த அடுக்கு ஒன்றின் திசையைத் திருப்பித் தகவலைப் பதிக்கிறது, பிசிஎம், ஒரு பொருளைப் படிக நிலைக்கும் படிகமற்ற நிலைக்கும் மாற்றுகிறது, ரீரேம், ஆக்சைடு படலத்துக்குள் மின்கடத்தும் இழை ஒன்றை உருவாக்கியும் அறுத்தும் வேலை செய்கிறது. இவற்றுள் எம்ரேம் வேகத்தில் டிராமை நெருங்கினாலும், 1 கிகாபிட் கொண்ட எம்ரேம் சில்லே பெரியது என்று கருதப்படும் நிலையில், 16 கிகாபிட் டிராம் சில்லு சாதாரணமாகக் கிடைக்கிறது.

கேள்வி: பெரும் பரபரப்புடன் வந்த ஆப்டேன் ஏன் மறைந்தது? தொழில்நுட்பமே தோற்றுவிட்டதா? (வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: அப்படிச் சொல்வது நியாயமாகாது. இன்டெலும் மைக்ரானும் 2015 ஜூலையில் 3டி எக்ஸ்பாயிண்ட் என்ற நினைவகத்தை அறிவித்தன. 2017-இல் அது ஆப்டேன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஃபிளாஷால் ஆன சேமிப்பகமான சாதாரண எஸ்எஸ்டியைவிட மிகக் குறைந்த தாமதத்தில் அது தரவைத் தந்தது; தேய்மானமும் குறைவு. ஆனால் ஃபிளாஷ் விலை தொடர்ந்து இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஆப்டேன் விற்பனை பெருகாததால் அதன் உற்பத்திச் செலவும் இறங்கவில்லை. ரேம் வடிவில் வந்த ஆப்டேன் குறிப்பிட்ட சில இன்டெல் செயலிகளுடன் மட்டுமே இயங்கியது. அதன் முழுப் பயனைப் பெற மென்பொருளையும் திருத்த வேண்டியிருந்தது. 2021-இல் மைக்ரான் விலகியது; 2022-இல் இன்டெலும் அத்தொழிலைக் கைவிட்டது. நல்ல பொறியியல் விலைக்கணக்கில் அடிபட்டுப் போனதில் எனக்கு இன்றும் வருத்தமுண்டு.

கேள்வி: பாயான் லெப்பாஸில் சர்க்கியூட் போர்டு பொருத்தும் பிரிவில் வேலை செய்கிறேன். அப்படியானால் இந்தப் புதிய நினைவகங்களுக்கு எங்கேதான் எதிர்காலம்? (வாசகர், பாயான் பாரு)

பதில்: உங்கள் கைகளில் தினமும் புழங்கும் சிறிய கட்டுப்பாட்டுச் சில்லுகளுக்குள்தான். கார், மின்மீட்டர், மருத்துவக் கருவி ஆகியவற்றிலுள்ள மைக்ரோகன்ட்ரோலர்கள் தங்களை இயக்கும் நிரலான ஃபர்ம்வேரை உள்ளேயே பதிந்த ஃபிளாஷில் வைத்திருக்கின்றன. அந்த ஃபிளாஷுக்கு உயர் மின்னழுத்தமும் பல கூடுதல் தயாரிப்புப் படிகளும் தேவைப்படுவதால், 28 நானோமீட்டர் எனப்படும் சில்லுத் தயாரிப்புத் தலைமுறைக்குக் கீழே அதைச் சுருக்குவது கட்டுப்படியாவதில்லை. எம்ரேமையும் ரீரேமையும் டிரான்சிஸ்டர்களுக்கு மேலேயுள்ள உலோக அடுக்குகளுக்கிடையே சில படிகளிலேயே அமைத்துவிடலாம் என்பதால், சில்லுத் தயாரிப்பு நிறுவனங்களான டிஎஸ்எம்சி, சாம்சங், குளோபல்ஃபவுண்டரீஸ் ஆகியவை இவற்றை உற்பத்தியில் கொண்டுவந்துள்ளன.

உங்கள் பிரிவுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஃபர்ம்வேரை முன்கூட்டியே பதித்த சில்லு பற்றாசை உருக்கிச் சில்லுகளைப் போர்டில் பொருத்தும் ரீஃப்ளோ அடுப்புக்குள் போகும்போது, ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ் வரை சூடாகலாம். அந்தச் சூட்டில் சாதாரண எம்ரேமின் காந்தத் திசை தானாகவே புரண்டுவிடக்கூடும். பிசிஎம்மில் படிகமற்ற பகுதி படிகமாகிவிடக்கூடும். சூட்டைத் தாங்கும்படி எம்ரேமின் காந்த அடுக்கை உறுதியாக்கினால், அதைத் திருப்ப அதிக மின்னோட்டமும் நேரமும் வேண்டும். இதனால்தான் ஃபர்ம்வேருக்கு ஒரு வகை எம்ரேமும், அடிக்கடி எழுதப்படும் தரவுக்கு வேறொரு வகையும் செய்கிறார்கள். எல்லா வேலைக்கும் ஒரே நினைவகம் என்ற பேச்சை நான் நம்பாததற்கு இதுவே முதற்காரணம்.

கேள்வி: குடும்பப் படங்களை எஸ்எஸ்டியில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். போதுமா? (வாசகி, ஆயர் ஈத்தாம்)

பதில்: போதாது, அம்மா. எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையிலுள்ள வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை. புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுங்காலம் தாங்கும்; ஆனாலும் நம் ஊர்ப் புழுக்கத்தில் அதை மட்டுமே நம்பாமல், ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரேம் மறக்காமல் போனால், கணினியை அணைத்த பிறகும் கடவுச்சொற்கள் அதில் தங்கிவிடாதா? (வாசகர், நிபோங் திபால்)

பதில்: தங்கிவிடும். கழற்றி எடுத்த நினைவகத்தை வேறொரு கணினியில் பொருத்திப் படித்துவிடலாம் என்பதால், உள்ளே எழுதும் அனைத்தையும் மறையாக்கம் செய்வது, அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றுவது, கட்டாயமாகிறது. சாதாரண ரேம் போலப் பயன்படுத்தும் முறையில், ஆப்டேன் நினைவகம் தன் மறையாக்கச் சாவியை மின்சாரம் நின்றதும் கைவிட்டுவிடும். தரவு சில்லில் இருந்தாலும் அதைப் படிக்க முடியாது. இனி வரும் நினைவகங்களை வாங்கும் நிறுவனங்கள் விலையைக் கேட்பதற்கு முன் இந்த ஏற்பாடு உள்ளதா என்று கேட்க வேண்டும்.