பதில்: கிளையோமா (ஒரு வகை மூளைக் கட்டி) ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா சுடோகு போடலாமா?

தாராளமா போடட்டும், பிடுங்கி வச்ச பேனாவ முதல்ல திருப்பிக் குடுங்க. "மூளைக்கு வேலை குடுத்தா கட்டி வளரும்"னு உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் மெசேஜ் பாதி உண்மைய திரிச்சது. ஸ்டான்ஃபோர்டுல மிஷெல் மோன்ஜேன்னு ஒரு நரம்பியல் டாக்டர், அவங்க டீம் 2015ல எலி மூளைக்குள்ள மனுஷ கிளையோமா செல்ல வச்சு பக்கத்து நியூரான்கள (நரம்பு செல்கள) நீல லைட் அடிச்சு தூண்டினாங்க, அப்போ நியூரோலிஜின்-3னு ஒரு புரோட்டீன் வெளிய வந்து கட்டி வேகமா வளந்துச்சு, 2017ல அந்த புரோட்டீனே இல்லாத எலிங்கள்ல வச்சு பாத்தா வளர்ச்சி தேங்கிடுச்சு. 2019ல கட்டி செல் நியூரானோட சினாப்ஸே, அதாவது நியூரான்கள் தங்களுக்குள்ள சேதி கடத்துற இணைப்பே, போட்டுக்குதுன்னு காட்டினாங்க, கொக்கி போட்டு கரண்டு திருடுற மாதிரி. கொடுமை என்னன்னா, புது மயலின் (நரம்பு இழைய சுத்தின உறை) போட்டு மூளை தன்னைத்தானே செப்பனிடுற அதே வழியத்தான் கேன்சரும் பிடிச்சுக்குது.

ஆனா எலி மூளைல லைட் அடிக்கறதும் உங்கப்பா பேப்பர்ல கட்டம் ரொப்பறதும் ஒண்ணா? தூங்கினாலும் மூளை சும்மா இருக்காதுங்க. அதனால மூளைக்கு வேலை குடுக்காம இருக்கறது வழியில்ல, நியூரானுக்கும் கட்டிக்கும் நடுவுல இருக்கற அந்த தொடர்ப மருந்தால வெட்ட முடியுமான்னுதான் தேடறாங்க. பேச்சு தடுமாறுதுன்னு எழுதியிருந்தீங்களே, ஸ்பீச் தெரபி பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, ஃபிட்ஸ் மாத்திரைய மட்டும் நீங்களா குறைக்காதீங்க.