கவிதைக்குள் வந்த குரோமோசோம்

கேள்வி: நான் உயிரியல் ஆய்வு மாணவன். என் கவிதைகளில் நொதி, மரபணு, குரோமோசோம் எல்லாம் இடம்பெறுகின்றன. "இது பாடநூல்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அறிவியல் படித்தவன் கவிதை எழுதக் கூடாதா?

பதில்: தாராளமாக எழுதலாம். மிரோஸ்லாவ் ஹோலுப் நோயெதிர்ப்பியல் ஆய்வாளராக இருந்துகொண்டேதான் செக் மொழியின் முதன்மையான கவிஞர்களுள் ஒருவரானார். உங்கள் படிப்பு கவிதையின் சொற்களில் தெரிகிற அளவுக்குப் பார்வையில் தெரியவில்லை என்பதே திருப்பி அனுப்பியவர்களின் மனக்குறையாக இருந்திருக்கும்.

ஆங்கிலேய மருத்துவர் ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில், கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்த பரவசத்தில் ஒரு கவிதையும் எழுதினார். அதில் கடவுள் வருகிறார், மரணம் வருகிறது, கல்லறைகூட வருகிறது. கொசு மட்டும் வரவில்லை. நாள்கணக்கில் கொசுக்களை அறுத்துப் பார்த்த மனிதர், நுண்ணோக்கியில் தாம் கண்டதை அங்கேயே விட்டுவிட்டு, வழிபாட்டுப் பாடலின் தேய்ந்த சொற்களிடம் போய்ச் சேர்ந்தார். நீங்கள் கலைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். கண்ட காட்சியை ஆய்வகத்தில் விட்டுவிடுவதில் இருவரும் ஒன்றுதான்.

உறையூர் மருத்துவன் தாமோதரனாரைப் பாருங்கள். புறநானூற்றின் 170ஆம் பாடலில் பிட்டங்கொற்றன் என்னும் தலைவனின் உறுதியைச் சொல்ல வந்த அவர், தம் தொழிலிலிருந்து எதையும் எடுக்காமல், கொல்லன் ஓங்கி அடிக்கும் சம்மட்டியை எதிர்கொண்டு நிற்கும் உலைக்கல்லைச் சுட்டினார். அவர் மருத்துவர் என்பதைப் பெயர் சொல்லித்தான் நாம் அறிகிறோம்.

கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டக் கூடாது என்று ஆய்வுக் குறிப்பேடு கற்றுத்தரும் கண்டிப்பு, அடைமொழிகளில் மிதக்கும் நம் கவிஞர்கள் பலருக்கு வாய்க்காதது. (அவர்களுடைய கவிதைகளையும் நான்தான் படிக்கிறேன்.) ஆனால் அதே பயிற்சி, எதையும் விளக்கி முடிவுரை எழுதிவிடும் ஆசையையும் வளர்த்துவிடுகிறது, உங்கள் கவிதைகளின் ஈற்றடிகளில் அது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

நீங்கள் விரும்பும் குரோமோசோம் என்ற சொல்லே பார்வையிலிருந்து பிறந்ததுதான். செல்லுக்குள் அந்த இழைகள் சாயத்தை ஈர்த்துக்கொள்வதால், கிரேக்க மொழியில் 'நிற உடல்' என்று பொருள்படும் அப்பெயரை 1888இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் வால்டேயர் வைத்தார். அடுத்த கவிதையில் அந்தப் பெயரை எழுதாமல், கண்ணாடித் தகட்டின்மேல், இரண்டாகப் பிரியும் நடுவிலேயே நிறுத்தப்பட்ட செல்லில் நீங்கள் கண்டதை எழுதி அனுப்புங்கள்.