கால்நடை மருத்துவரின் பொதுநலப் பணி: கேள்வி பதில்

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறையில் உதவி மருத்துவராகச் சேர்ந்து, உதவி இயக்குநராக ஓய்வுபெற்றவன் நான். மாடு, எருமை, ஆடு குறித்தும் இப்பணி குறித்தும் கேட்கலாம்.

கேள்வி: கால்நடை மருத்துவப் படிப்புக்கு நீட் தேவையா?

மாநில இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை. அகில இந்திய ஒதுக்கீடான 15 விழுக்காட்டுக்கு மட்டுமே நீட். உள்ளுறைப் பயிற்சியுடன் படிப்பு ஐந்தரை ஆண்டுகள்.

கேள்வி: சினை ஊசியும் குடற்புழு மருந்தும் தவிர அரசு மருத்துவருக்கு என்ன வேலை?

மாட்டைக் குணப்படுத்துவது பணியின் பாதிதான். ஊருக்குள் நோய் நுழையாமல் காப்பது மறுபாதி. மாடுகளைத் தாக்கும் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) ஒரு காலத்தில் தொழுவங்களையே காலி செய்தது. இந்தியாவில் அது கடைசியாகத் தென்பட்டது 1995இல், நம் வடஆற்காட்டுப் பகுதியில். ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டு, பிறகு அதை நிறுத்திவிட்டு, எங்காவது ஒரு மாட்டுக்கு வாய்ப்புண்ணும் கழிச்சலும் சேர்ந்து வருகிறதா என்று ஆண்டுக்கணக்கில் தேடி அலைந்த பின்னரே, 2006இல் நாடு அந்நோயற்றதாக அறிவிக்கப்பட்டது. 2011இல் உலகிலிருந்தே அது ஒழிந்தது. அப்படித் தேடிச் சென்று, "இல்லை" என்று எழுதிய ஒவ்வொரு அறிக்கையும் மருத்துவமே.

கேள்வி: கோமாரித் தடுப்பூசியால் பால் குறைகிறதே?

ஓரிரு நாள் குறையலாம், பிறகு மீளும். கோமாரியே வந்தால் கறவை பல வாரங்களுக்குச் சரியும், இளங்கன்றுகள் இதயம் பாதித்துத் திடீரென இறக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போடுங்கள்.

கேள்வி (கால்நடை மருத்துவ மாணவர்): இறந்த மாட்டுக்கு அடைப்பான் நோய் (ஆந்த்ராக்ஸ்) என்று சந்தேகித்தால் உடலை அறுக்கக் கூடாது என்கிறார்கள். அறுக்காமல் காரணம் சொல்வது அறிவியலா?

அறிவியல்தான். காதின் இரத்தக் குழாயிலிருந்து ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமி தெரியும். உடல் மூடியிருக்கும்வரை அழுகலிலேயே அது பெரும்பாலும் மடிந்துவிடும். அறுத்தால் காற்றுப்பட்டு வித்தாக மாறி, பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். துளி எடுக்கும்போதும் கையுறை அவசியம்.

அதே மாணவர்: உடற்கூறாய்வு அறிக்கை இல்லாமல் காப்பீடு கிடைக்காதே. ஏழை விவசாயி என்ன செய்வார்?

உங்கள் கவலை நியாயமானது. அதற்காக ஆய்வக முடிவுடன் காப்பீட்டாரிடம் வாதாடுவதும் நம் கடமை. ஆனால் ஒரு மாட்டின் இழப்பீட்டுக்காக மேய்ச்சல் நிலத்தையே நஞ்சாக்கினால், அடுத்து இறப்பது அதே விவசாயியின் மாடாக இருக்கலாம், உரித்தவரின் கையிலும் புண் வரலாம். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பிட்டு, தோலோடு புதையுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: நீட் எழுதாதவர் சேர முடியுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் நாய்க்குட்டி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு இன்றே கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: மாடு எச்சில் ஒழுக்குகிறது, விழுங்கவும் முடியவில்லை. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கும் போலும். கையை விட்டுப் பார்க்கலாமா?

விடாதீர்கள். வெறிநோய் கண்ட மாடும் அப்படித்தான் நிற்கும். பணியின் முதலாண்டில் நான் வெறுங்கையை விட்டேன். மூன்றாம் நாள் மாடு இறந்தது, நான் தடுப்பூசிக்கு ஓடினேன். ஏற்கெனவே கையை விட்டிருந்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். மாட்டைத் தனியே கட்டிவிட்டு, பாலைக் கறக்காமல் உங்கள் ஊர் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.