படித்தால் போதாதா, பழைய கொலை வழக்கை ஏன் காதால் கேட்க வேண்டும்?

மறந்துபோன வரலாற்றையும் பழைய குற்ற வழக்குகளையும் இப்போது பலர் பாட்காஸ்டில் கதையாகச் சொல்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது, விக்கிப்பீடியாவில் படித்துக்கொண்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒரு நண்பரும் மூன்று வருடமாக இதைத்தான் செய்துவருகிறோம். நாங்கள் அதிக நாள் செலவழித்தது 1944இல் சென்னையில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்குக்குத்தான், அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இது வெளியிலிருந்து வந்த புதுப் பழக்கம் இல்லை. கொலைச்சிந்து என்று நம்மிடம் ஒன்று இருந்தது. ஊரில் ஒரு கொலை நடந்தால் அதைச் சிந்து என்ற பாட்டாகக் கட்டி, மலிவான தாளில் அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடிப் பாடியே விற்பார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் நின்று கேட்டார்கள். சென்னையின் குஜிலிக் கடைத்தெருவிலிருந்து அப்படி எத்தனையோ புத்தகங்கள் வந்தன. குற்றத்தைக் காதால் கேட்டுத்தான் நம் ஆட்கள் பழகியிருக்கிறார்கள்.

சரி, வழக்குக்கு வருகிறேன். 1944 நவம்பர் 8. லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் தன் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு ரிக்‌ஷாவில் திரும்புகிறார், வழியில் கத்திக்குத்து. குத்துப்பட்டவர் அங்கேயே சாகவில்லை, வழக்கறிஞர் வீட்டுக்கே திரும்பிப் போகிறார், அப்புறம் பெரியாஸ்பத்திரி, மறுநாள் இறந்துபோகிறார். அவர் நடத்திய பத்திரிகை நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதியே விற்றது. கைதானவர்களில் அன்றைய பெரிய பாடக நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் இருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஆனால் இதைச் சொல்ல உட்கார்ந்தபோது கொலையைவிடக் காகிதம்தான் எங்களை இழுத்தது. அது உலகப் போர்க் காலம், காகிதத் தட்டுப்பாடு, பத்திரிகை நடத்த வேண்டுமென்றால் அரசாங்கத்தின் உரிமம் வேண்டும். பாகவதரும் என்.எஸ்.கே.யும் ஸ்டூடியோ அதிபர் ஸ்ரீராமுலு நாயுடுவும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்து, லட்சுமிகாந்தன் நடத்திய 'சினிமா தூது' பத்திரிகையின் உரிமத்தை ரத்து செய்யவைத்தார்கள். லட்சுமிகாந்தன் சளைக்காமல் 'இந்து நேசன்' என்ற வேறு பத்திரிகையில் அதே எழுத்தைத் தொடர்ந்தார். எங்கோ நடந்த போர், இங்கே காகிதப் பஞ்சம், அதற்கொரு சட்டம், அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்த சினிமாக்காரர்கள். கொலை நடந்த சாயங்காலத்தோடு தொடங்கினால் இதெல்லாம் விட்டுப்போகும், அதனால் முதல் பாகத்தில் கொலையே வரவில்லை. கேட்டவர்களில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். இப்போது செய்தாலும் நான் அப்படித்தான் செய்வேன்.

ஒலியில் ஒரு தப்பு செய்தோம். ரிக்‌ஷாக் காட்சிக்குச் சைக்கிள் மணியைச் சேர்த்து வெளியிட்டுவிட்டோம். மறுநாளே புரசைவாக்கத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர், பேத்தி போனிலிருந்து குரல் செய்தி அனுப்பினார். "தம்பி, அப்போ ஆள் இழுக்கிற ரிக்‌ஷாப்பா. மனுசன் ஓடுற சத்தம்தான் கேக்கும்." எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. 1973 வரை தமிழ்நாட்டில் கைரிக்‌ஷா இருந்தது என்று படித்திருக்கிறேன், ஆனால் அந்தச் சத்தத்தை யோசித்துப் பார்த்ததே இல்லை. அந்தப் பாகத்தை எடுத்துவிட்டு, மொட்டைமாடியில் நண்பர் வெறுங்காலோடு ஓடியதைப் பதிவு செய்து, பக்கத்தில் மூச்சுச் சத்தத்தையும் சேர்த்து மறுபடி போட்டோம். படிக்கும்போது 'ரிக்‌ஷா' ஒரு சொல்லாகக் கடந்துபோய்விடும். கேட்கும்போது ஒரு மனிதன் இன்னொரு மனிதனை இழுத்துக்கொண்டு ஓடுவது தெரிகிறது. படித்தால் போதாதா என்ற கேள்விக்கு என் பதில் அந்த மூச்சுச் சத்தம்தான்.

இன்னொன்று, இதில்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஆவணத்தில் இல்லாத உரையாடலைச் சொந்தமாக எழுதி ஒருவர் வாயில் வைக்க மாட்டோம். கேட்பவர்களுக்கு முகம் தெரியாது, குரல் சொல்வதெல்லாம் நடந்ததாகவே மனதில் பதிந்துவிடும். லட்சுமிகாந்தன் எழுதியது வதந்தி என்று சொல்லிவிட்டு, அவர் கதையை நாமும் வதந்தியாகச் சொன்னால் என்ன நியாயம்? அவர் செய்த அதே வேலையை அல்லவா செய்கிறோம்? "அவங்கதான் செஞ்சாங்களாமே" என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அவர்களோடு கைதான ஸ்ரீராமுலு நாயுடு விசாரணையிலேயே விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் என்.எஸ்.கே.க்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அன்றைக்கு இந்திய வழக்குகளுக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன மேல்முறையீட்டில், மறுபடி விசாரிக்கச் சொல்லி வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திரும்பி வந்தது, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். கொன்றது யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அதை அப்படியே விட்டுவிட வேண்டும். பரபரப்புக்காக இவராக இருக்கலாம், அவராக இருக்கலாம் என்று இழுக்கும் நிகழ்ச்சிகளைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. விடுதலையாகி வந்த பாகவதரின் படங்கள் பழையபடி ஓடவில்லை, 1959இல் இறந்துவிட்டார். அந்த மனிதர் மேல் இன்னும் எத்தனை வருடம் பழி போடுவது?

கொலையுண்டவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் எழுதியதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் 'செத்தது நல்லதுதான்' என்ற தொனி எங்கள் குரலில் வந்துவிடக் கூடாது என்று மூன்றாம் பாகத்தை நான்கு முறை பதிவு செய்தோம். எழுத்தில் சரியாக இருந்த அதே வரி, வாயால் சொன்னபோது ஏளனமாக ஒலித்தது.

அந்தப் புரசைவாக்கம் பெரியவரை அப்புறம் நேரில் போய்ப் பார்த்தேன். பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். அது ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் பாகவதர் சிறையில் இருந்தார். அதைச் சின்னப் பையனாக அம்மாவோடு போய்ப் பார்த்ததாகப் பெரியவர் சொன்னார். "பாட்டு ஆரம்பிச்சதும் பெண்கள் பக்கத்துல அழுகைச் சத்தம் கேட்டுச்சு. படத்துல அழுற இடமே இல்ல அது. ஆள் ஜெயில்ல இருக்கார்ல, அதான்." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார், மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான்காம் பாகத்தை அவர் குரலில்தான் ஆரம்பித்தோம், நடுவில் வந்த இருமலையும் அந்த மின்விசிறிச் சத்தத்தையும் வெட்டவில்லை.